வலது பக்கம் விழுந்த உருண்டைகள்

சராத்தோவ்,
1832 டிசம்பர் 18

என் உஸ்த்யா,

தெற்கே ஆஸ்த்ரகான் திசையில் திரும்பி நின்று, உனக்கும் உன் அப்பாவுக்கும் இடுப்பு வளையக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது. சாப்பாடும் இறங்குகிறது. மற்றபடி, மாட்டிக்கொண்டேன்.

திட்டாதே. முதலில் கேள்.

நான் வந்த வேலை உனக்கே தெரியும். இந்த ஊர் வியாபாரிகள் சங்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு உங்கள் ஊர்ச் சங்கத்தில் சேர்க்க வேண்டும். ஊர்க்கூட்டம் சரி என்று தலையாட்டினால் போதும், மறுநாளே சறுக்குவண்டி ஏறியிருப்பேன். போனால், கூட்டத்தில் பெரியவர் சொல்கிறார்: "உன் சமாச்சாரம் கடைசியில தம்பி. முதல்ல நகரசபைத் தேர்தல். அது முடியட்டும்."

பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். வெளியே வோல்கா கரையிலே போய் நின்றிருக்க வேண்டும்!

நகரசபை உறுப்பினர் பதவியைப் பற்றி உனக்கு எழுத என்ன இருக்கிறது? ஆறு பேர். மூன்று வருஷம். சம்பளம் கிடையாது. சொந்தக் கடையைப் பார்க்க முடியாது. பாலம் உடைந்தால் திட்டு, தெருவில் மாடு செத்துக் கிடந்தால் திட்டு, கவர்னர் மாளிகையிலிருந்து திட்டு, மாமியார் வீட்டிலிருந்து திட்டு. அதனால் யாருக்கும் வேண்டாம். ஐந்து பேரைப் பிடித்துவிட்டார்கள். ஆறாவது ஆள் கிடைக்கவில்லை. ஒருவன் இருமிக் காட்டுகிறான், ஒருவன் காது கேட்காத மாதிரி இருக்கிறான். அப்போது தானியக்கடை ஷாப்கின் எழுந்தார்.

"அதோ பாருங்கப்பா, புசானொவ் மகன்! எழுதப் படிக்கத் தெரியும். கடையையும் மூடிட்டான். வெட்டியாத்தானே உக்காந்திருக்கான்?"

கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது பார், ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது!

ஓட்டுக்கு உருண்டை போடுகிற பெட்டியை நீ பார்த்ததில்லை. மேலே பச்சைத் துணி. உள்ளே இரண்டு அறை. வலது அறை 'வேண்டும்'. இடது அறை 'வேண்டாம்'. சட்டைக் கையை முழுக்க உள்ளே விட்டு உருண்டையைப் போடுவார்கள், எந்தப் பக்கம் விழுந்தது என்று சாமிக்குத்தான் தெரியும். இங்கே இடது போடுவதுதான் அன்பு. பகையாளிக்குத்தான் வலது. போட்டுவிட்டு வந்த ஒவ்வொருவரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். "உனக்கு இடதுதான்டா போட்டேன், கவலைப்படாதே." சித்தப்பா சொன்னார். பக்கத்துக் கடை சாவேலி சொன்னான். ஷாப்கின்கூடச் சொன்னார், கண் கலங்கி!

பெட்டியைத் திறந்தார்கள். வலது அறை நிரம்பி வழிந்தது.

பதவியில் இருப்பவன் கவர்னர் அனுமதி இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மூன்று வருஷம், உஸ்த்யா. நமக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது. கை கால் விழுந்த அப்பாவையும் மீன் பட்டறையையும் விட்டுவிட்டு நீ இங்கே வர முடியாது, அது எனக்குத் தெரியும். நான் அங்கே வந்துவிடுவதாகச் சொல்லித்தானே உன்னைக் கேட்டேன்.

என்மேல் கோபப்படு. ஆனால் பதில் எழுது.

உன்
அனிசிம்


ஆஸ்த்ரகான்,
1833 பிப்ரவரி 2

மக்கு ராஜா அனிஸ்காவுக்கு,

ஒரே ஒரு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனாய். தலையணையைக்கூடத் தட்டி வைத்தேன்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன், இரண்டாவது தடவை சிரித்தேன், மூன்றாவது படிக்க நேரம் இல்லை, பனிக்கு அடியில் வலை போட ஆட்கள் வந்து நின்றார்கள். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வாய் கோணியிருந்தாலும் பேச்சு இப்போது கொஞ்சம் தெளிவு. "சராத்தோவ்காரனுங்க கில்லாடிங்க. கிளம்பப் போறவனைப் பார்த்துத்தான் அமுக்குவானுங்க" என்றார். பிறகு, "என்னாலதான் நீ இங்க கெடக்கே" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் உப்புத் தொட்டியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

பட்டறைப் பெண்கள் சும்மா இருப்பார்களா? அந்த ஒற்றைக்கண் அகஃப்யா, மீன் வயிற்றைக் கிழித்துக்கொண்டே கேட்கிறாள்: "ஏன்டி உஸ்தீன்யா, புருஷனை எங்க? கெட்டுப்போயிடுவான்னு உப்புல போட்டு வெச்சிருக்கியா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது, நாள் முழுக்க அவர்களோடுதான் நிற்க வேண்டும்.

சரி, அழுது பயனில்லை. யோசித்தேன். நீ மூன்று வருஷம் கழித்து வெளியே வந்தாக வேண்டும், அதற்கு அடுத்த தேர்தலில் உனக்கு இடது விழ வேண்டும். நன்றாகக் கேள். நீ நல்லவனாக இருந்தால், உன்னை விடக் கூடாது என்று வலது போடுவார்கள். கெட்டவனாக இருந்தால், அனுபவிக்கட்டும் என்று வலது போடுவார்கள். ஒன்றுக்கும் உதவாதவனாக இரு, அனிஸ்கா! தூங்கு. கேட்டால் கொட்டாவி விடு. உன்னை யாரும் நினைக்கவே கூடாது. நினைக்காதவனைத்தான் விட்டுவிடுவார்கள்.

உனக்கு இது கஷ்டமே இல்லை. எங்கள் வீட்டில் தேநீர் சமோவாரைக்கூட உன்னால் ஒழுங்காகப் பற்றவைக்க முடியவில்லையே.

ஒரு மூட்டை கருவாடு அனுப்புகிறேன். சபைக்காரர்களுக்குக் கொடுக்காதே. கொடுத்தால் நல்லவன் என்று நினைத்துவிடுவார்கள்.

உன்
உஸ்த்யா


சராத்தோவ்,
1833 மே 27

என் உஸ்த்யா,

நீ சொன்னபடியே நடக்கிறேன். கூட்டம் ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்கிறேன். குறட்டை மட்டும் வரவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன். தலைவர் போன வாரம், "நம்ம புசானொவ் இருக்கானே, நாற்காலிமேல நாற்காலி போட்ட மாதிரி" என்றார். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

கருவாடு வந்தது. ஒருவருக்கும் கொடுக்கவில்லை. மணம்தான் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

என் பங்குக்கு இரண்டு வேலை. ஒன்று, ஊரை விட்டுப் போகிறவர்களின் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடுவது. நேற்று மட்டும் பாதி ஊரை அனுப்பிவிட்டேன். உன் ஊருக்கே ஒருவன் போகிறான், தர்பூசணி வாங்க! தர்பூசணி வாங்கப் போகிறவனுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன், மனைவியைப் பார்க்கப் போக எனக்குப் போட ஆள் இல்லை. மை காய்கிற வரை அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று, பட்டாளம் வந்தால் எந்த வீட்டில் எத்தனை சிப்பாய் தங்குவது என்று பிரித்துக் கொடுப்பது. பட்டாளம் இன்னும் வரவில்லை.

அதனால் பொழுது போகவில்லை. சபை அறையின் பின்னால் ஓர் அலமாரி நிறையப் பழைய தாள்கள். எலி தின்றது போக மிச்சத்தைப் படிக்கிறேன். உஸ்த்யா, இந்த ஊரை யார் யாரெல்லாம் ஆண்டிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது, இங்கேயே பிறந்தவன்! முதலில் மரக்கோட்டை மட்டும்தான். மாஸ்கோவிலிருந்து வொயெவோதா என்று ஒரு தளபதி வருவான். படை, வழக்கு, வரி, சிறை எல்லாம் அவன் கையில். ஊர்க்காரர்கள் வாத்தும் ரொட்டியும் மீனும் சுமந்துகொண்டு அவன் வாசலில் நிற்க வேண்டும். அவன் வயிறு நிறைந்தால்தான் உன் வழக்கு நகரும். அடுத்தவன் வருவான், அவன் வயிறு காலியாக வரும்! இப்படியே தலைமுறை தலைமுறையாக. பிறகு காதரீன் மகாராணி ஒரு சாசனம் போடுகிறாள்: ஊர்க்காரர்களே தங்களுக்குள் ஆளைத் தேர்ந்தெடுத்து ஊரை நடத்திக்கொள்ளலாம். யோசித்துப் பார்! வாத்தைச் சுமந்து நின்றவனின் பேரன் மேஜைக்குப் பின்னால் உட்காருகிறான்!

பக்கத்து நாற்காலி சாவேலியிடம் இதைச் சொன்னேன். அவனையும் என்னோடுதான் பிடித்துப் போட்டார்கள். அவன் சொல்கிறான்: "போடா. முன்னாடி அதிகாரி வந்து நம்மளை அடிச்சான். இப்ப நம்மளை விட்டே நம்மளை அடிக்கச் சொல்றாங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

இருக்கலாம். ஆனாலும் சுவாரசியமாக இல்லையா?

தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், பயப்படாதே.

உன்
அனிசிம்


ஆஸ்த்ரகான்,
1833 ஆகஸ்ட் 9

அனிஸ்கா,

மகாராணியைப் பற்றி அரைப் பக்கம். என்னைப் பற்றி ஒன்றுமில்லை. மகாராணி செத்துப் பல வருஷம் ஆகிறது, நான் உயிரோடு இருக்கிறேன். சும்மா நினைவுபடுத்தினேன்.

இங்கே வெயில். கொசு மூக்குக்குள் போகிறது. ஆண்கள் எல்லாம் கடலோரம் போய்விட்டார்கள். சுவரைத் தொட்டால் கையில் உப்பு ஒட்டுகிறது, முடியில் உப்பு, ரொட்டியில் உப்பு. காலையில் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்துக் கழுவிவிட்டுப் பட்டறைக்குப் போனால், மத்தியானம் ஓடி வந்து ஊட்ட வேண்டும், மறுபடி பட்டறை. வாசலுக்கும் பட்டறைக்கும் நடுவே என் கால் தேய்த்த தடம் ஒன்று தெரிகிறது. செக்குமாட்டுக்குத்தான் இப்படித் தடம் இருக்கும்.

உன் தர்பூசணிக்காரன் வந்தான். "சீட்டுல உங்க வீட்டுக்காரர் கையெழுத்துதாம்மா" என்று நீட்டினான். அதைத் தொட்டுப் பார்த்தேன். அவன் என்ன நினைத்தானோ, ஒரு பழம் சும்மா கொடுத்துவிட்டுப் போனான்.

கவர்னரிடம் விடுப்புக் கேள், அனிஸ்கா. ஒரு மாதம் போதும். இலையுதிர்காலத்தில் ஆறு உறைவதற்குள் வந்துவிட்டுப் போ. ஒன்றுக்கும் உதவாதவன் ஒரு மாதம் இல்லாவிட்டால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

உன்
உஸ்த்யா


சராத்தோவ்,
1834 ஜனவரி 21

என் உஸ்த்யா,

நீ திட்டப் போகிறாய், தெரியும். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

பட்டாளம் வந்துவிட்டது! இலையுதிர்காலத்திலேயே, மழையோடு மழையாக. இங்கே வழக்கம் என்னவென்றால், குமாஸ்தா ஒவ்வொரு கதவிலும் சுண்ணாம்புக் கட்டியால் எண் எழுதிக்கொண்டே போவான். அத்தனை சிப்பாய் அந்த வீட்டுக்கு. பெரிய வீட்டுக் கதவில் எழுதினால், அவன் திரும்புவதற்குள் வேலைக்காரன் ஈரத்துணியோடு வந்து துடைத்துவிடுவான். துடைத்த எண் எங்கே போகும்? ஓடைப் பள்ளத்தில் இருக்கிற குடிசைகளுக்கு.

நான் தூங்கலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக! தகரவேலை செய்கிற நிக்கான்தர் சபைக்கு வந்தான். சண்டை போட வரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "ஐயா, சிப்பாயுங்க ஆறு பேரு இருக்காங்க, நல்ல பசங்கதான். ஆனா படுக்க இடம் இல்ல. நாங்க எங்க படுக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க, அங்க படுத்துக்கறோம்." ஒரே அறை, உஸ்த்யா. குழந்தைகளைக் கணப்படுப்பின் மேல்திண்டில் அடுக்கி வைத்திருந்தான்.

கட்டியை நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நேரே ஷாப்கின் வீடு. புதுக் கல்வீடு, இரண்டு மாடி. பன்னிரண்டு என்று எழுதினேன். வேலைக்காரன் துணியோடு வந்தான். நான் நகரவில்லை. ஷாப்கினே சட்டைப் பொத்தான் போடாமல் ஓடி வந்தார்.

"அனிசிம், என்ன தம்பி இது, என் கதவு என்ன கரும்பலகையா?"

"பெரிய கதவு அண்ணாச்சி, எழுத நல்லா வருது."

"உன்னை உறுப்பினர் ஆக்கினதே நான்தான்டா!"

"அதுக்குத்தான் அண்ணாச்சி முதல்ல உங்க வீட்டுக்கு வந்தேன்."

தெரு முழுக்கச் சிரித்தது! துணி உலர்கிற வரை அங்கேயே நின்றேன். அப்புறம் அடுத்த கல்வீடு, அடுத்தது. நிக்கான்தர் வீட்டில் இப்போது ஒரே சிப்பாய், அவனும் தகரம் தட்டக் கற்றுக்கொள்கிறான்.

அது முடிந்ததும் விளக்கு. மாஸ்கோ தெருவில் சணல் எண்ணெய் விளக்குக்கம்பம் நட்டோம். எண்ணெயைக் காவல்காரர்கள் கஞ்சியில் ஊற்றிச் சாப்பிட்டுவிடுகிறார்கள், அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன், பெரிய கதை. அடுத்து தீயணைக்கும் தண்ணீர்ப் பீப்பாய். பழைய தாள்களில் பார்த்தேன், இந்த ஊர் எத்தனை தடவை எரிந்திருக்கிறது என்று. ஒவ்வொரு தடவையும் பீப்பாய் காலி! இந்தத் தடவை அப்படி ஆகாது.

விடுப்புக் கேட்க நேரம் கிடைக்கவில்லை.

அப்பா எப்படி இருக்கிறார்?

உன்
அனிசிம்


ஆஸ்த்ரகான்,
1835 மார்ச் 30

அனிசிம்,

நடுவில் வந்த உன் நான்கு கடிதங்களுக்கும் சேர்த்து இந்த ஒரு பதில்.

அப்பாவுக்கு உன் கடிதங்களைப் படித்துக் காட்டுகிறேன். ஷாப்கின் கதையை மட்டும் பலமுறை கேட்டார், சிரித்து இருமல் வந்துவிட்டது. 'விடுப்புக் கேட்க நேரம் கிடைக்கவில்லை' என்ற வரியைப் படிக்கவில்லை. தாண்டிவிட்டேன். அவர் காது கூர்மை. "என்னத்தையோ முழுங்கிட்டியே" என்றார்.

விளக்கு நல்ல விஷயம்தான். பீப்பாயும் நல்ல விஷயம்தான். நீ செய்வதில் எதுவுமே தப்பில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீ குடித்துவிட்டுக் கிடந்தால் நன்றாகத் திட்டிவிடுவேன்.

நேற்று உன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். மீசை வந்தது, காது வந்தது, கண் வரவில்லை. கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அகஃப்யா வந்து தோளைத் தொட்டாள். அவள்கூடக் கேலி செய்யவில்லை, அனிஸ்கா. அதுதான் பயமாக இருந்தது.

டிசம்பரில் தேர்தல். கொஞ்ச நாள்தான். இனிமேலாவது தூங்கேன்.

உஸ்த்யா


சராத்தோவ்,
1835 டிசம்பர் 22

என் உயிரே உஸ்த்யா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று கூட்டம். உட்கார இடமில்லை. ஓடைப் பள்ளத்து ஆட்கள் எல்லாம் வெளியே பனியில் நின்றார்கள், அவர்களுக்கு உருண்டை கிடையாது, சும்மா நின்றார்கள். என் பெயரைச் சொன்னதும் ஒருவர்கூட இருமவில்லை. வரிசையாகப் போய்க் கையை விட்டார்கள். திரும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். "வலதுதான் போட்டேன் தம்பி, மன்னிச்சுக்க." சித்தப்பா சொன்னார். சாவேலி சொன்னான், "என்னை விட்டுட்டாங்கடா, ஆனா உன்னை விட முடியாது." அவன் சிரித்துக்கொண்டே அழுதான்.

பெட்டியைத் திறந்தார்கள். இடது அறையில் ஒரே ஒரு உருண்டை. மற்றதெல்லாம் வலது! இப்படி ஒன்றை இந்த ஊர் பார்த்ததே இல்லை என்று பெரியவரே சொன்னார். பழைய தாள்களிலும் தேடினேன், இல்லை.

மறுபடி மாட்டிக்கொண்டேன், உஸ்த்யா. நான் என்ன செய்ய முடியும்? ஊர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டது. இன்னும் மூன்று வருஷம். பொறுத்துக்கொள், என் கண்ணே. கோடையில் எப்படியாவது விடுப்பு வாங்குகிறேன்.

நீயும் நானும் சேர்ந்திருக்க விதி விடவில்லை.

உன்
அனிசிம்


ஆஸ்த்ரகான்,
1836 மே 16

மதிப்புக்குரிய அனிசிம் யெகோரவிச் அவர்களுக்கு,

உஸ்தீன்யா வணக்கத்துடன் எழுதுவது. அப்பா நலம். வசந்தகால மீன் நன்றாக வந்தது. நீங்கள் நலம் என்று ஷாப்கின் சொன்னார்.

ஆமாம், உங்கள் ஊர் ஷாப்கின் மீன் வாங்க இங்கே வந்தார். தேநீர் கொடுத்தேன். பேச்சுவாக்கில், "பாவம், மறுபடி மாட்டிவிட்டுட்டீங்களே" என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரும்மா மாட்டிவிட்டது? ஒரு தடவை முடிச்சவன் ரெண்டாவது தடவை வேணாம்னு சொன்னா யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சட்டமே இருக்கு. பெரியவர் அதைச் சத்தமா வாசிச்சாரு, 'புசானொவ், சம்மதமா, விலகுறியா'ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. கூட்டமே மூச்சு விடல. உங்க வீட்டுக்காரர் எழுந்தாரு. எங்க எல்லாரையும் பார்த்தாரு. 'சம்மதம்'னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு."

பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "இடது பக்கம் விழுந்த அந்த ஒத்த உருண்டை நான் போட்டதும்மா. உங்களுக்காக இல்ல, என் கதவுக்காக" என்றார்.

மீனை எடைபோட்டுக் கொடுத்தேன். நல்ல எடை.

மூன்று வருஷமாக நீங்கள் கூண்டில் இருக்கிறீர்கள், நான் வெளியே காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அன்று அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றபோது உங்களுக்குக் கதவு திறந்துதான் இருந்திருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தீர்கள். அதற்காக உங்களை வெறுக்க முயன்றேன், முடியவில்லை. அந்த ஊருக்கு நீங்கள் வேண்டும் போல. உங்களுக்கும் அந்த ஊர். ஆனால் அதை எனக்கு எழுதியிருக்கலாம். 'எனக்கு இது பிடித்திருக்கிறது' என்று மூன்று வார்த்தை எழுதாமல், விதி என்று எழுதினீர்களே. நான் விதியின்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

என் விஷயம் ஒன்று உண்டு. கல்யாணமானவள் புருஷன் சம்மதச் சீட்டு இல்லாமல் தனியே எங்கும் வசிக்கக் கூடாது. சொந்த அப்பா வீட்டில்கூட. நீங்கள் போன வருஷம் அனுப்பிய சீட்டு முடிந்துவிட்டது என்று இங்கே காவல் அதிகாரி இரண்டு முறை வந்துவிட்டார், மீன் கொடுத்து அனுப்பினேன். இத்தனை நாளும் மூடிக் கிடந்த கதவு என்னுடையதுதான். தாழ்ப்பாள் உங்கள் கையெழுத்து.

ஊரில் எல்லாருக்கும் போடுகிறீர்கள். எனக்கும் ஒன்று போட்டு அனுப்புங்கள். ஒரு வருஷத்துக்கு வேண்டாம். வருஷா வருஷம் கேட்க வைக்காத மாதிரி ஒன்று.

நீங்கள் வர வேண்டாம். சீட்டை மட்டும் அனுப்புங்கள்.

உஸ்தீன்யா கொந்த்ராத்யெவ்னா


சராத்தோவ் நகரசபை,
1836 ஜூன் 20

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்:

சராத்தோவ் வியாபாரியும் நகரசபை உறுப்பினருமான அனிசிம் யெகோரவிச் புசானொவ் ஆகிய நான், என் மனைவி உஸ்தீன்யா கொந்த்ராத்யெவ்னா என்பவர் பேரரசின் எந்த நகரிலும், எந்தக் கிராமத்திலும், தனித்து வசிக்கவும், தொழில் நடத்தவும், தன் விருப்பப்படி வரவும் போகவும் எவ்விதத் தடையுமின்றிச் சம்மதிக்கிறேன். காவல் அதிகாரிகள் அவரை எங்கும் நிறுத்தாமலும், திருப்பி அனுப்பாமலும், மீனோ வேறு எதுவோ கேட்காமலும் இருக்கக் கடவர்.

காலம்: அவர் விரும்பும்வரை.

(ஒப்பம்) அ. யெ. புசானொவ்
(நகரசபை முத்திரை)

உஸ்த்யா, நீ எழுதியதெல்லாம் உண்மை. கேட்டபடி அனுப்பிவிட்டேன்.

காலம் என்ற இடத்தில் இப்படியெல்லாம் எழுதக் கூடாது, வருஷக்கணக்குத்தான் போட வேண்டும் என்று குமாஸ்தா கோடு போட்டு அடித்துவிட்டான். நான் விடவில்லை. தலைவரிடம் போனேன், அவர் கவர்னர் மாளிகைக்கு அனுப்பினார், அங்கே சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். கூடாது என்று ஒரு வரிகூட இல்லை! மூன்று அதிகாரிகள் எதிரே, நான் ஒருவன். கடைசியில் அவர்களே முத்திரையைக் குத்திக் கொடுத்தார்கள். இந்த மாநிலத்திலேயே இப்படி ஒரு சீட்டு இதுதான் முதல், உஸ்த்யா!

நீ அங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும்.